அந்த ப்ரோகிராம் ஏன் படுத்துக்கொண்டது?

அன்பு மகளுக்கு,

லிங்க்டு லிஸ்ட் அசைன்மென்ட் லேப்டாப்பில் ஓடுகிறது, காலேஜ் சர்வரில் ஏற்றினால் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை) என்று விழுகிறது, "எனக்கு இந்தப் படிப்பு வராதுப்பா" என்று எழுதியிருந்தாய். படிப்பு வருமா வராதா என்பது கிடக்கட்டும். முதலில் ப்ரோகிராமைப் பார்ப்போம்.

லிங்க்டு லிஸ்ட் என்றால் நோடுகளின் சங்கிலிதானே, ஒவ்வொரு நோடின் நெக்ஸ்ட்டும் அடுத்த நோடு இருக்கும் இடத்தைக் காட்டும். லிஸ்ட்டை அழிக்கிற லூப்பில் முதலில் நோடை ஃப்ரீ பண்ணுகிறாய், அதாவது அதன் மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாய். அடுத்த வரியில் அதே நோடின் நெக்ஸ்ட்டைப் படித்து நகர்கிறாய். ஃப்ரீ பண்ணிய பிறகு அந்த மெமரி உன்னுடையதல்ல. ஆனால் ஃப்ரீ அதைத் துடைத்து வைப்பதுமில்லை. பழைய மதிப்பு சில நேரம் அப்படியே கிடக்கும். சில நேரம் மெமரியைப் பங்கிட்டுத் தரும் அலோகேட்டர் தன் கணக்குக்காக அதன்மேல் எதையாவது எழுதிவிடும். லேப்டாப்பில் பிழைத்தாய், சர்வரில் மாட்டிக்கொண்டாய், அவ்வளவுதான். சி மொழியில் "என் மெஷினில் ஓடுதே" என்பது சாட்சியே ஆகாது. நெக்ஸ்ட்டை முதலில் வேறொரு பாயின்டரில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் ஃப்ரீ பண்ணு.

திருத்தம் இவ்வளவுதான் என்றால் ராத்திரி முழுக்க எங்கே போயிற்று? நடுவில் மதிப்பை அச்சிட்டுப் பார்க்க ஒரு பிரின்ட்எஃப் போட்டதும் கிராஷ் நின்றது, எடுத்ததும் திரும்பி வந்தது என்கிறாய். அது பேயில்லை. பிரின்ட்எஃப் தன் பஃபருக்காக, அதாவது எழுதுவதைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடத்துக்காக, மெமரி எடுக்கும். ப்ரோகிராம் கேட்டு வாங்கும் மெமரிப் பகுதியான ஹீப்பின் அமைப்பு மாறும். பிழை வேறு இடத்தில் ஒளிந்துகொள்ளும். அவுட்புட்டில் கடைசியாக வந்த வரியை நம்பி இன்சர்ட் ஃபங்ஷனைக் குடைந்ததுதான் இன்னொரு தவறு. நீ அவுட்புட்டை ஃபைலுக்குத் திருப்பி ஓட்டியிருக்கிறாய். அப்படிச் செய்தால் கடைசியாக எழுதியவை பஃபரிலேயே நிற்கும், கிராஷ் ஆனால் அதோடு போய்விடும். ப்ரோகிராம் டிலீட் வரைக்கும் போயிருக்கும், உனக்குக் காட்டியது இன்சர்ட் வரைக்கும்தான். டீபக் வரிகளைப் பிழைச் செய்திகளுக்கான தனி வழியான எஸ்டிடிஎர்ருக்கு அனுப்பு, அதற்குப் பஃபர் கிடையாது.

இந்த மாதிரிப் பிழைக்குக் கண்ணால் கோடைத் தடவிப் பார்ப்பது வீண். ஜிசிசி கம்பைலரில், மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை இயக்கி, டீபக் தகவலுக்கான மைனஸ் ஜி-யையும் சேர்த்து கம்பைல் பண்ணு. ப்ரோகிராம் சுமார் இரண்டு மடங்கு மெதுவாகும், பரவாயில்லை. எந்த வரியில் படித்தாய், எந்த வரியில் ஃப்ரீ பண்ணினாய், எந்த வரியில் மாலாக் பண்ணி அந்த மெமரியை வாங்கினாய் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிடும்.

எரிச்சலில் ஒரே நேரத்தில் நான்கு இடத்தை மாற்றாதே. ஓடினாலும் எது சரிசெய்தது என்று தெரியாது, ஓடாவிட்டால் புதிதாக எதைக் கெடுத்தாய் என்றும் தெரியாது. மாற்றுவதற்கு முன் ஒரு வரி எழுது: "காரணம் இதுவாக இருக்கலாம், அப்படியானால் இங்கே இந்த மதிப்பு வர வேண்டும்." வரவில்லையென்றால் மாற்றத்தைத் திருப்பிவிட்டு அடுத்த ஊகத்துக்குப் போ. பொய்த்துப்போன ஊகமும் லாபம்தான், தேட வேண்டிய இடம் குறைகிறது.

ஒவ்வொரு ஃபங்ஷன் ஓடியதும், கோடின் பழைய நிலைகளைச் சேமித்துவைக்கும் கிட் (Git) கருவியில் கமிட் பண்ணி வை. நேற்று ஓடியது இன்று ஓடவில்லையென்றால் கிட் பைசெக்ட் பாதி பாதியாக வெட்டித் தேடும். ஆயிரம் கமிட் இருந்தாலும் சுமார் பத்துச் சோதனையில் பிடித்துவிடலாம்.

அந்தப் பாதி வெட்டும் பைனரி செர்ச்சிலேயே பெரியவர்கள் சறுக்கியிருக்கிறார்கள். நடு இடத்துக்காகத் தேடும் எல்லையின் இரு முனைகளான லோவையும் ஹையையும் கூட்டி இரண்டால் வகுப்போமே, கூட்டுத்தொகை 2,147,483,647-ஐத் தாண்டினால் ஜாவாவின் முழு எண் வகையான இன்ட் நெகட்டிவ் ஆகிவிடும். ஜாவாவின் சொந்த லைப்ரரியில் இந்தப் பிழை பல வருடம் இருந்தது. அந்த கோடை எழுதிய ஜோஷுவா ப்ளாக்கே 2006-இல் அதை வெளிப்படையாக எழுதினார். ஹையிலிருந்து லோவைக் கழித்து, பாதியாக்கி, லோவோடு கூட்டினால் தீர்ந்தது.

சீனியரிடமோ ஏஐயிடமோ கேட்பதில் தப்பில்லை. ஆனால் முழு ஃபைலையும் தூக்கிக் கொடுக்காதே. கிராஷ் இன்னும் வருகிற அளவுக்கு மட்டும் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் நீக்கு, இருபது முப்பது வரிக்கு வந்துவிடும். பாதி நேரம், வெட்டிக்கொண்டு வரும்போதே பிழை உன் கையில் சிக்கிவிடும். கேட்கவே வேண்டியிருக்காது.

திருத்திய பிறகு காலி லிஸ்ட், ஒரே நோடு உள்ள லிஸ்ட், கடைசி நோடை நீக்குவது மூன்றையும் சானிடைசரோடு ஓட்டிப் பார்த்துவிட்டு சப்மிட் பண்ணு. ஏதாவது கத்தினால் அது சொன்னதை அப்படியே எனக்கு அனுப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு வேண்டாம், தூங்கி எழுந்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா