செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். கூட்டங்கள், சந்தா வசூல் எல்லாம் வழக்கம்போல நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மார்க்டவுன் பார்சருக்கு, அதாவது மார்க்டவுனில் எழுதியதைப் படித்து வலைப்பக்கமாக மாற்றும் நிரலுக்கு, நம் சொந்த விதிகளைச் சேர்த்த வேலைதான் இந்த ஆண்டில் பெரும்பங்கு நேரத்தை எடுத்துக்கொண்டது, அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

மார்க்டவுன் என்பது எளிய குறிகளைப் போட்டு உரையை வடிவமைக்கும் முறை. அது 2004-இல் வந்தபோது அதற்கு வரையறுத்த இலக்கணம் கிடையாது. ஒவ்வொரு பார்சரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டது, 2014-இல் காமன்மார்க் என்ற பொது வரையறை வந்துதான் ஓர் ஒழுங்கு பிறந்தது. ஆனாலும் நம்மில் ஒருவருக்கு மஞ்சள் பூசிய சொல் வேண்டும், இன்னொருவருக்கு # போட்டு எழுதும் குறிச்சொல் வேண்டும், இதையெல்லாம் எந்தப் பொது இலக்கணமும் தராது. மூல நிரலை நகலெடுத்து நடுவில் திருத்திக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். செய்யலாம், ஆனால் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அந்தத் திருத்தத்தை மறுபடி ஒட்டவைக்க வேண்டியிருக்கும், அதைச் செய்பவர் விலகிவிட்டால் எல்லோரும் பழைய பதிப்பிலேயே மாட்டிக்கொள்வோம். பைத்தான் மொழியில் எழுதிய பார்சரான பைத்தான்-மார்க்டவுனில் வெளியிலிருந்தே விதி சேர்க்கும் வசதி இருப்பதால் அதையே எடுத்துக்கொண்டோம். நாம் எடுத்ததிலேயே நல்ல முடிவு அதுதான் என்பேன்.

அதில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு பெயர், ஒரு முன்னுரிமை எண். 2018-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து இப்படித்தான், பெரிய எண் முதலில் ஓடும். எண்ணைச் சும்மா போட முடியாது என்பதை மஞ்சள் பூசும் விதியில் பார்த்தோம். இரண்டு == குறிகளுக்கு நடுவில் இருப்பதைப் பிடிக்கும் அந்த விதிக்கு முதலில் 200 கொடுத்திருந்தார்கள். நிரல்துண்டைச் சுற்றிப் போடும் ` குறிதான் பேக்டிக், அதன் விதியின் எண் 190. ஆக நிரல்துண்டு என்று பார்சர் அடையாளம் காணும் முன்பே நம் விதி உள்ளே புகுந்து, `அ == ஆ == இ` என்ற வரியில் ஆ-வைப் பிடித்துக்கொண்டது. எண்ணை 175 ஆக்கினோம், சரியாகிவிட்டது.

குறிச்சொல் விதியில் வேறு சிக்கல். ரெஜெக்ஸ் என்பது உரையில் எதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் குறிமொழி. பைத்தானின் ரெஜெக்ஸில் சொல்லெழுத்துக்கான சுருக்கக்குறி (\w) உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் #தமிழ் என்று எழுதினால் 'தம' வரைக்கும் பிடித்துவிட்டு நின்றுவிடும். தமிழ் எழுத்துகளுக்கான யூனிகோடு எண் வரம்பை நாமே விதிக்குள் எழுதிக் கொடுத்த பிறகுதான் முழுச் சொல்லும் வந்தது. தமிழில் எழுதும் யாரும் இதைக் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும், ஆங்கில உதாரணத்தில் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது.

அப்புறம் பாதுகாப்பு. திரும்பத் திரும்ப வருவதற்குள் இன்னொரு திரும்பத் திரும்ப வருவதை வைத்து, (அ+)+ மாதிரி, ரெஜெக்ஸ் எழுதாதீர்கள். பொருந்தாத வரி கிடைத்தால் ஒரு எழுத்து கூடும்போதெல்லாம் வேலை இரட்டிப்பாகிக்கொண்டே போகும், சின்ன வரியே பார்சரை நிறுத்திவிடும். பிறர் எழுதிய விதியைச் சேர்க்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வரும் ஆண்டில் புது விதி தருபவர்கள் மூன்று சோதனை வரிகளையும் சேர்த்துத் தர வேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது: பிடிக்க வேண்டியது ஒன்று, பிடிக்கக் கூடாதது ஒன்று, பேக்டிக்குக்குள் இருப்பது ஒன்று. முன்னுரிமை எண்ணுக்கான காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.