தேயிலை விவகாரம்: எங்களோடு நடந்தவர்களுக்கும் நடக்கப் போகிறவர்களுக்கும் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பாஸ்டனில் நம் தமிழ் நடைச் சுற்றுலாவுக்கு ஏற்கெனவே வந்து போனவர்களுக்கும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்ததும் எங்களிடம் அனுப்பலாம் என்று நினைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கொஞ்ச நாளாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி "என்னங்க இது?" என்று கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை.

அதில் பேசியவர் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லப் போவதில்லை. சுற்றுலா நீளம், வெயில், உட்கார இடமில்லை என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். சரி, நாலு கிலோமீட்டர் நடந்தால் கால் வலிக்கத்தான் செய்யும். "இவர்களுக்கு வரலாறே தெரியவில்லை, தேயிலை விலை குறைந்ததால் புரட்சி வந்தது என்கிறார்கள், அதுவும் சீனத் தேயிலையாம், நம் நாட்டுத் தேயிலையை மறைக்கிறார்கள்" என்று சொன்னாரே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. 1773இல் இதே பாஸ்டனில் கப்பலில் வந்த தேயிலையைக் கடலில் கொட்டி, அமெரிக்கப் புரட்சிக்கு வழிவிட்ட கதையைத்தான் சொல்கிறார்.

விலை குறைந்தது உண்மை. பிரான்ஸோடு ஏழாண்டுப் போர் நடத்தி 1763இல் முடித்தபோது பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. அந்தச் சுமையில் ஒரு பங்கை அமெரிக்கக் குடியேற்றங்கள் தாங்கட்டும் என்று 1765இல் முத்திரை வரி போட்டார்கள். பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் வரி. எதிர்ப்பு கிளம்பியதும் மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற்றார்கள், ஆனால் "உங்களுக்கு எந்தச் சட்டமும் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு" என்று கூடவே ஒரு சட்டம் போட்டார்கள். அப்புறம் 1767இல் கண்ணாடி, காகிதம், ஈயம், சாயம், தேயிலைக்கு வரி. 1770இல் மற்றதை எடுத்துவிட்டுத் தேயிலைக்கு மட்டும் ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரியை விட்டுவைத்தார்கள். அதிகாரம் இருக்கிறது என்று காட்டவே அந்த மூன்று பென்ஸ்.

இதற்கிடையில் கிழக்கிந்தியக் கம்பெனி திவாலாகும் நிலையில் இருந்தது. வங்காளத்தில் 1770 பஞ்சம், லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை மலைமலையாக. 1773இல் அரசு கம்பெனிக்கு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது, தேயிலைச் சட்டமும் கொண்டுவந்தது. லண்டன் ஏலத்தில் வியாபாரிகள் வாங்கி அனுப்புவது போய், கம்பெனியே நேராக அமெரிக்காவுக்கு அனுப்பி, தான் பொறுக்கியெடுத்த முகவர்கள் வழியாக விற்கலாம் என்று ஆனது. பிரிட்டனில் கட்டிய தீர்வையும் திரும்பக் கிடைக்கும். இதனால் கள்ளத்தனமாக வந்த டச்சுத் தேயிலையைக்கூட விலையில் அடித்துவிடலாம். பாஸ்டனில் அந்த முகவர்களில் இருவர் ஆளுநர் ஹட்சின்சனின் சொந்த மகன்கள். தெருவில் பெரிய அங்காடி வந்து விலையை அடித்துப் போட்டால் மளிகைக் கடைக்காரருக்கு என்ன வயிற்றெரிச்சல் வருமோ, அதுதான் உள்ளூர் வியாபாரிகளுக்கு வந்தது. மலிவாக வாங்கிக் குடித்தால் அந்த மூன்று பென்ஸ் வரியையும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது மற்றவர்களின் கோபம். தங்களுக்குப் பிரதிநிதி இல்லாத நாடாளுமன்றம் தங்கள் மீது வரி போடக்கூடாது என்பதுதானே அவர்கள் முதலிலிருந்தே சொல்லிவந்தது.

சீனத் தேயிலை என்பதும் உண்மை. பெட்டிகளில் பெரும்பாலும் இருந்தது போஹியா என்ற சீனக் கருந்தேயிலை, கொஞ்சம் பச்சைத் தேயிலையும் உண்டு. எல்லாம் சீனாவின் கான்டன் துறைமுகத்தில் வாங்கி லண்டன் வழியாக வந்தது. அசாம் தேயிலை லண்டனில் முதலில் ஏலம் போனதே 1839இல்தான். நீலகிரித் தோட்டங்கள் அதற்கும் பின்னால். இதில் நம் பெருமையை யாரும் மறைக்கவில்லை. நம் நாட்டுக்கு இந்தக் கதையில் வேறு இடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் நாங்கள் ஒரு குழுவையும் அனுப்பியதில்லை. வங்காளத்தைச் சூறையாடிய கம்பெனி இப்போது அமெரிக்கா பக்கம் வருகிறது என்று ஜான் டிக்கின்சன் என்ற அமெரிக்க அரசியல் எழுத்தாளர் 1773லேயே எழுதி எச்சரித்தார். அந்தப் பஞ்சத்தின் செய்தி அமெரிக்கா வரை போயிருக்கிறது என்று கேட்டதும் கூட வந்த பெரியவர்கள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓல்டு சவுத் கூட்ட மண்டபத்தில் நாங்கள் ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறோம் என்றும் அந்தக் குரல்பதிவில் கேட்டிருக்கிறார். அங்கே நிற்காமல் வேறு எங்கே நிற்பது? தேயிலை ஏற்றி வந்த டார்ட்மவுத் கப்பல் வந்து 20 நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கம் சரக்கைக் கைப்பற்றிவிடும். கடைசி நாள் நெருங்கிவிட்டது. 1773 டிசம்பர் 16 அன்று சுமார் 5,000 பேர் அந்த மண்டபத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கூடியிருக்கிறார்கள். கப்பல் உரிமையாளர் ராட்ச், இளைஞர், குளிரில் ஆளுநர் வீடு இருந்த மில்டன் வரை போய், கப்பலைத் திருப்பி அனுப்ப அனுமதி கேட்டு ஆளுநரிடம் மன்றாடுகிறார். இவர்கள் மாலை இருட்டும் வரை காத்திருக்கிறார்கள். முடியாது என்ற பதிலோடு அவர் திரும்பி வருகிறார். அன்று இரவு மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள். தேயிலையைத் தவிர வேறு சரக்கைத் தொடவில்லை. அந்தக் காத்திருப்பைச் சொல்லாமல் "தேயிலையைக் கொட்டினார்கள்" என்று ஒரு வரியில் முடிக்க எனக்கு மனம் வராது.

அதற்குப் பின் நடந்தது உங்களுக்கே தெரியும். பிரிட்டிஷ் அரசு பாஸ்டன் துறைமுகத்தை மூடியது, 1775இல் லெக்சிங்டனில் துப்பாக்கிச் சூடு நடந்து போர் தொடங்கியது, 1776 ஜூலை 4 அன்று பிலடெல்பியாவில் விடுதலைப் பிரகடனம். ஜூலை 18 அன்று நம் பழைய அரசு மாளிகையின் மாடத்திலிருந்து அதை வாசித்தார்கள். கூரையில் இருந்த அரசரின் சிங்கத்தையும் ஒற்றைக்கொம்புக் குதிரையையும் அன்றே இறக்கி எரித்தார்கள். இப்போது மேலே தெரிவது பின்னால் செய்து வைத்தவை. யார்க்டவுனில் 1781இல் தோற்ற பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான் ஐந்தே வருடத்தில் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து திப்புவின் இரண்டு மகன்களைப் பணயமாகப் பிடித்தவர். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலையைப் பார்த்தவர்கள் எங்கள் குழுவில் எப்போதும் ஒருவராவது இருப்பார்கள்.

அடிமைகளைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள் என்பது பதிவில் கடைசிக் குறை. 1770இல் அரசு மாளிகை முன்னால் பிரிட்டிஷ் படைவீரர்கள் சுட்டு இறந்த ஐந்து பேரில் ஒருவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர் என்றே பலரும் கருதுகிறார்கள். ஃபேனில் மண்டபத்தைக் கட்டிக் கொடுத்தவர் அடிமை வியாபாரத்திலும் பணம் பண்ணியவர். போருக்குப் பிறகு வரி வசூலிக்கவே அதிகாரமில்லாத ஒரு கூட்டமைப்பு தள்ளாடி, இதே மாநிலத்து விவசாயிகள் கடன் தாங்காமல் 1786இல் கிளர்ந்தெழுந்து, அதன் பிறகுதான் 1787இல் பிலடெல்பியாவில் கூடி அரசியல் சட்டம் எழுதினார்கள். மன்னர் இல்லை, தேர்ந்தெடுத்த தலைவர், ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் மூன்று பிரிவுகள். அதே சட்டத்தில்தான் பிரதிநிதிகள் எண்ணிக்கைக்காக அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டார்கள். நம் மாசசூசெட்ஸ் அந்தச் சட்டத்தை ஏற்றதே 187க்கு 168 என்ற வாக்கில்தான், உரிமைகள் பட்டியலையும் சேருங்கள் என்று கேட்டுக்கொண்டு. 1791இல் சேர்த்தார்கள். குடியரசு அப்படிச் சண்டை போட்டுப் போட்டுத்தான் உருவானது. பிள்ளைகளிடம் பாதியை மட்டும் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

எங்கள் வழிகாட்டி, நீங்கள் எல்லோரும் "வாத்தியார் ஐயா" என்று கூப்பிடுபவர், மகள் வீட்டோடு டெக்சாஸ் போய்விட்டார். அந்தக் குரல்பதிவு அவர் காதுக்கும் போயிருக்கிறது, அவர் அதனால் போகவில்லை என்றாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அவர் குரலில் அந்த மண்டபக் கதையைக் கேட்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இப்போதைக்கு நானும் என் மனைவியும் மாறி மாறி அழைத்துப் போகிறோம்.

இந்த நேரத்தில் "நாங்கள் போனோம், நன்றாகச் சொன்னார்கள்" என்று அந்தக் குழுக்களிலேயே எழுதியவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு அம்மா, தஞ்சாவூர்ப் பக்கம், ஊர் திரும்பிய பிறகும் அங்கிருந்து நீளமாகப் பதில் எழுதியிருக்கிறார். வருடா வருடம் புதுப்புது உறவினர்களை அனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன. உங்களால்தான் இது நடக்கிறது, மனமார்ந்த நன்றி.

மே மாதத்திலிருந்து சனி, ஞாயிறுகளில் காலை 9 மணிக்குப் பூங்கா வாசலில் கிளம்புகிறோம். சுதந்திரத்தின் 250ஆவது ஆண்டு என்பதால் கூட்டம் இருக்கும், முன்பே சொல்லிவிடுங்கள். காப்பீடும் மற்றதும் ஏறிவிட்டதால் ஆளுக்கு 25 டாலர் என்பது 32 ஆகிறது, பங்கர் ஹில் வரை போகாமல் நார்த் எண்டிலேயே முடித்துக்கொள்கிறோம். தண்ணீர் பாட்டிலும் நல்ல செருப்பும் மறக்காமல் கொண்டு வாருங்கள், மடக்கு நாற்காலி இரண்டு எங்களிடம் இருக்கிறது, பெரியவர்களுக்கு வேண்டுமென்றால் முதல் நாளே சொன்னால் எடுத்து வருகிறேன்.