விதைப் பொட்டலம் சொல்லாத காரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு மாடித் தோட்டங்களில் கத்தரி, தக்காளி, பச்சை மிளகாய் எல்லாம் பழசாகிவிட்டன. இப்போது பூத் ஜொலோகியா, கரோலினா ரீப்பர் என்று கொடுங்கார மிளகாய் விதைகளை இணையத்தில் வரவழைக்கிறார்கள். பழம் கிடைத்தவர்கள் அதிலிருந்தே விதை எடுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு வெயில் வேண்டும், என்ன உரம் போட வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த விதையைத் தொட்ட கையை என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

வீட்டில் பொடி அரைக்க வாங்கும் குண்டூர் சன்னம் மிளகாயின் காரம், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் சுமார் 35,000 முதல் 40,000. வடகிழக்கில் விளையும் பூத் ஜொலோகியா 10 லட்சத்தைத் தாண்டி 2007இல் கின்னஸ் பட்டியலில் ஏறியது. 2013இல் சாதனை படைத்த கரோலினா ரீப்பரின் சராசரி சுமார் 16 லட்சம். குண்டூரைப் போல ஏறத்தாழ நாற்பது மடங்கு. ‘காலமெல்லாம் மிளகாய் கிள்ளிய கை, இதென்ன பெரிசு’ என்கிற தைரியம் இங்கே எடுபடாது.

விதையில்தான் காரம் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. காரத்தைத் தரும் கேப்சைசின் உருவாகும் இடம், விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்புச் சதை. விதை அதை உரசிக்கொண்டே வளர்வதால் மேலெல்லாம் அந்தக் கார எண்ணெய் பூசிக்கொள்கிறது. ஆகவே கழுவிக் காயவைத்துப் பொட்டலமிட்ட விதையைவிட, பழத்தை அறுத்து நாமே விதை எடுக்கும் வேலைதான் பல மடங்கு ஆபத்தானது. அதிலும் காய்ந்த பழம் மோசம். உடைத்த மிளகாயை முறத்தில் போட்டுப் புடைப்பது, சருகை வாயால் ஊதுவது, மிக்ஸியில் ஒரு சுற்று விடுவது ஆகிய நம் வீட்டுப் பழக்கங்கள் மூன்றும் இந்த மிளகாய்க்கு ஆகவே ஆகாது. கண்ணுக்குத் தெரியாத தூள் மூக்கிலும் கண்ணிலும் போய் உட்காரும். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் காய்ந்த பழத்தை உடைக்கும் வேலையே வேண்டாம். நன்கு பழுத்த ஈரப் பழத்திலிருந்து மட்டும் விதை எடுங்கள்.

வேலையைச் சமையலறையில் செய்யக் கூடாது. காய் நறுக்கும் பலகையில் ஏறிய எண்ணெய் மறுநாள் குழந்தைக்கு அரியும் ஆப்பிள் வரை தொடரும். மாடியில், காற்று எழும்பாத காலை வேளையில், காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். கீழே பழைய செய்தித்தாளை நாலு மடிப்பாக விரியுங்கள் (இதற்கு உங்கள் நாளிதழே போதும்). நைட்ரைல் கையுறை மருந்துக் கடையில் கிடைக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி போடுங்கள். பிரியாணிப் பொட்டலத்தோடு வரும் பிளாஸ்டிக் உறை வழுக்கும், கிழியும். மெல்லிய ரப்பர் உறையை நம்பி நெடுநேரம் வேலை செய்யாதீர்கள். எண்ணெய் கசிந்து உள்ளே வரும். கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும், காய்ந்த பழமென்றால் என்-95 முகக்கவசமும் தேவை. கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் வேலைக்கு முன்பே கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மாலையில் லென்ஸைக் கழற்றும்போதுதான், ‘காலையிலேயே கழுவிய கை’ தன் வேலையைக் காட்டும்.

கத்தரிக்கோலால் காம்பைச் சுற்றி வளையமாக வெட்டி இழுத்தால் விதைக் கொத்து நரம்போடு மொத்தமாக வரும். கரண்டியின் விளிம்பால் விதைகளை ஒரு கிண்ணத்தில் சுரண்டுங்கள். அந்தக் கத்தரியும் கரண்டியும் இனித் தோட்டத்துக்கு மட்டும். நடுவில் கைபேசி அடித்தால் எடுக்காதீர்கள். கையுறையிலிருந்து திரைக்கும், திரையிலிருந்து கன்னத்துக்கும் எண்ணெய் போய்விடும். கையுறை போட்டும் எரிகிறது என்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

சுரண்டிய விதையில் தண்ணீரும் இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவமும் விட்டுக் குச்சியால் கலக்கி, இதற்கென ஒதுக்கிய வடிகட்டியில் மூன்று முறை அலசினால் எண்ணெயில் பெரும்பகுதி போய்விடும். நிழலில் காகிதத்தின் மேல் பரப்பி, வளைத்தால் பட்டென ஒடியும்வரை காயவிடுங்கள். மின்விசிறி வேண்டாம். அல்சூர், சிவாஜி நகர் போல வீடுகள் நெருக்கமான இடங்களில், பக்கத்து வீட்டுத் துணிக்கொடி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பரப்புவது நல்லது. விதையை மூடிய காகித உறையில், பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். பெயரில்லாத கிண்ணம் குடைமிளகாய் விதையாகவே கருதப்படும்.

முடித்ததும் கையுறையோடு கையைத் திரவம் போட்டுக் கழுவி, பிறகு உட்புறம் வெளியே வரும்படி உரித்துப் போடுங்கள். அதன்பின் வெறுங்கையில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் துணியால் துடைத்து, மறுபடி பாத்திரத் திரவம் போட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். வெறும் தண்ணீர் அதைக் கைமுழுக்கப் பரப்பத்தான் உதவும். சானிடைசரிலும் அது கரையும் என்பது உண்மை. ஆனால் தடவிவிட்டுத் துடைக்காமல் விட்டால் அதுவும் பரப்பிவிடும். கழிவறைக்குப் போவதற்கு முன்னும் குழந்தையைத் தூக்குவதற்கு முன்னும் இந்தக் கழுவல் முடிந்திருக்க வேண்டும்.

தோலில் எரிச்சல் உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்துத் தொடங்குவதும் உண்டு. அப்போதும் எண்ணெய், துணி, சோப்பு, குளிர்ந்த நீர் என்ற அதே வரிசைதான். வெந்நீர் கூடாது. சூட்டை உணரும் நரம்பு முனையையே கேப்சைசின் தூண்டுகிறது (இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்). அதன்மேல் வெந்நீரும் பட்டால் எரிச்சல் இரட்டிப்பாகும். கண்ணில் பட்டால் கசக்காமல், லென்ஸ் இருந்தால் எடுத்துவிட்டு, ஓடும் சுத்தமான நீரில் 15 நிமிடம் அலசுங்கள். பாலும் தயிரும் வாய் எரிச்சலுக்கு நல்லவை. கண்ணில் பால் விடும் கை வைத்தியம் தொற்றை வரவழைக்கும். அலசியும் வலி குறையாவிட்டாலோ பார்வை மங்கினாலோ மின்டோ கண் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கண் மருத்துவரிடமோ தாமதிக்காமல் போக வேண்டும். மூச்சுத் திணறினால் கண் மருத்துவர் அல்ல, அவசரப் பிரிவு.

விதைப்பில் சிரமம் குறைவு, பொறுமை அதிகம். இந்த இனத்துக்கு மண் 26 முதல் 30 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் இங்கே இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது விதைத்தால் விதை குளிரில் கிடந்து அழுகும். பிப்ரவரிக் கடைசியில் தொடங்கலாம். வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறிய விதையை, தென்னை நார்த்தூள் இரண்டு பங்கும் மண்புழு உரம் ஒரு பங்கும் கலந்த குழித்தட்டில், அரை சென்டிமீட்டர் ஆழத்தில், குழிக்கு ஒன்றாக இடுக்கியால் வையுங்கள். ஊறவைத்த நீரிலும் காரம் உண்டு. விரலால் கலக்க வேண்டாம். வாங்கிய விதை இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தால் அது பூஞ்சணக்கொல்லி பூசிய விதை. அதற்கும் கையுறை வேண்டும், காரணம் மட்டும் வேறு.

முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம், சில சமயம் ஆறு வாரமும் ஆகும். பத்தாம் நாளே கிளறிப் பார்ப்பவர்களுக்கு மிளகாய் வராது, நகக்கண்ணில் எரிச்சல்தான் வரும். தண்ணீரைத் தெளியுங்கள், தேங்கினால் நாற்றழுகல் வந்து தண்டு மண்மட்டத்தில் சாயும். நாற்றுக்கு இலை வந்தபின் அதைத் தொடக் கையுறை தேவையில்லை. காய் பிடிக்கும்வரை அது சாதுவான செடிதான். பக்கத்துத் தொட்டியில் குடைமிளகாய் இருந்தால் அந்தக் காய் காரமாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். மகரந்தம் கலந்தாலும் மாற்றம் அந்தக் காயின் விதையிலிருந்து வளரும் அடுத்த தலைமுறையில்தான் தெரியும். காயைக் கொத்தும் புல்புலைப் பார்த்துப் பரிதாபப்படுபவர்களுக்கு ஒரு செய்தி: பறவைகளுக்கு இந்தக் காரம் உறைக்காது.

லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள் அப்படியே சித்தாபுர நர்சரிகளுக்கும் ஒரு நடை போய் விதை தேடுவது இந்த ஊர் வழக்கம். அங்கே விற்பவர்களுக்கும் இணையத்தில் விற்பவர்களுக்கும் எங்கள் கோரிக்கை சின்னது. பொட்டலத்தில் எரியும் தீயின் படத்தைப் பெரிதாக அச்சிடுகிறீர்கள். அதன் கீழே கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ‘கையுறை அணியவும், கண்ணைத் தொடாதீர், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்’ என்று ஒரு வரி சேருங்கள். தாங்களும் தோட்டக் குறிப்புகள் வெளியிடும் நாளில் இந்த வரியைச் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மாடித் தோட்டம் வளர்க்கும் வாசகர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு.