பாப்பாவுக்கு, நீ அனுப்பும் இங்கிலீஷ் பதில்களைப் பற்றி

பாப்பா,

எப்படி இருக்கிறாய் என்று அம்மா கேட்டதற்கு 'ஹேங்கிங் இன் தேர்' என்று பதில் போட்டிருந்தாய். அவள் போனை என்னிடம் நீட்டி, "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்றாள். "நல்லா இருக்கேன்னு சொல்றா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளுக்கு அது போதும், எனக்குப் போதவில்லை. நன்றாக இருக்கிறவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நேரம் சரியில்லை, ஆனாலும் பிடியை விடாமல் இருக்கிறேன் என்று சொல்ல வருகிறவர்கள்தான் அந்த வார்த்தையை எடுப்பார்கள். நீ அர்த்தம் தெரியாமல் ஒரு வார்த்தையை எடுக்கிற ஆளும் இல்லை. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினவள் நீ.

போனில் கேட்டால் 'ஆல் குட் பா' என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாக நீ எழுதுகிற இங்கிலீஷைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அகராதியில் பார்ப்பேன், அகராதியில் அகப்படாததைத் தம்பியிடம் கேட்பேன், அவன் எதற்கு என்று கேட்டால் சும்மாதான் என்பேன். 'ஹவ் ஆர் யூ' என்பது அவர்களுக்குப் பாதி நேரம் கேள்வியே இல்லை, எதிரில் வருகிறவரைப் பார்த்துத் தலையசைக்கிற மாதிரிதான். ஆனால் அதற்குச் சொல்கிற பதில்களில் ஒரு படிவரிசை இருக்கிறது. 'கிரேட்' மேலே. 'கான்ட் கம்ப்ளைன்' என்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஓரளவு சுகம். பிரிட்டிஷ்காரர் 'நாட் பேட்' என்றால் உண்மையில் நன்றாகவே இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கெல்லாம் கீழேதான் உன்னுடைய 'ஹேங்கிங் இன் தேர்'. அதற்கும் கீழே 'ஐ ஹேவ் பீன் பெட்டர்' ஒன்று இருக்கிறது, அதை நீ போன மாதம் தம்பிக்கு அனுப்பியிருந்தாய். அவனாகக் காட்டவில்லை, நான்தான் பார்த்தேன், அவனிடம் சண்டைக்குப் போகாதே.

'இட் ஈஸ் வாட் இட் ஈஸ்' என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. நடந்தது நடந்துவிட்டது, மாற்ற முடியாது, இதற்கு மேல் கேட்காதே என்று மூன்றையும் சேர்த்துச் சொல்கிற வார்த்தை அது. சில நேரம் அது தைரியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ எதைப் பற்றிச் சொன்னாய் என்று சொல்லவேயில்லையே. எது எதுவாக இருக்கிறது?

நீ முன்பெல்லாம் 'ஓகே' என்று போடுவாய், இப்போது வெறும் 'கே' வருகிறது. அந்த ஓகேவின் கதை உனக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் கேட்டுக்கொள். 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பத்திரிகையில் அது அச்சாகியிருக்கிறது. 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே ஓவிலும் கேயிலும் ஆரம்பிக்கிற மாதிரித் தப்பும் தவறுமாக எழுதி அதன் முதல் எழுத்துகளை எடுப்பது அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்களின் வேடிக்கை. அந்த மாதிரிச் சுருக்கங்கள் நிறைய வந்தன, ஏறக்குறைய எல்லாம் செத்துப்போயின, இது மட்டும் உலகம் முழுக்கப் போய்விட்டது. மறு வருஷம் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரனுக்கு 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்ற பட்டப்பெயர் இருந்தது, அதற்கும் அதே இரண்டு எழுத்து பொருந்திவிட்டதால் இன்னும் பரவியது. சம்மதத்துக்கு உலகமே அந்த இரண்டு எழுத்தைத்தான் நம்பியிருக்கிறது, நீ அதிலும் பாதியை எடுத்துவிட்டாய். உங்கள் வயதுக்காரர்களுக்குள் 'கே' என்று அனுப்பினால் கோபம் என்று அர்த்தமாம், பேச்சை முடி என்று அர்த்தமாம். எங்கள் மேல் உனக்குக் கோபம் இருந்தால் அதைச் சொல், தாங்கிக்கொள்வோம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 2015இல் அமெரிக்காவில் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்திருக்கிறார்கள். ஒற்றை வார்த்தை பதிலுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தால், அது மனசாரச் சொன்னதில்லை என்று மாணவர்கள் எடுத்துக்கொண்டார்களாம். அதே பதிலைக் கையெழுத்தில் காட்டியபோது புள்ளி யாருக்கும் உறுத்தவில்லை. நான் உனக்கு அனுப்பியதையெல்லாம் எடுத்துப் பார்த்தேன், 'சரி.', 'ஆகட்டும்.', 'பார்த்துக்கொள்.' என்று எல்லாவற்றிலும் புள்ளி இருக்கிறது. அது பழக்கத்தில் வைக்கிற புள்ளி, பாப்பா. ஒன்றில்கூடக் கோபம் கிடையாது.

சித்தப்பா போட்ட அந்தக் கல்யாண வீட்டுக் கதைக்கு நீ மண்டையோட்டுப் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டாயே, அம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டது. தொட்டுத் தொட்டுப் பெரிதாக்கிப் பார்க்கிறாள், பெரிதாகவில்லை, அது இன்னும் பயமாக இருக்கிறது அவளுக்கு. சிரித்துச் சிரித்துச் செத்தேன் என்பதை உங்கள் ஆட்கள் 'ஐயம் டெட்' என்கிறார்கள், அதற்குப் படம்தான் இது என்று தம்பி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். கண்ணீர் வரச் சிரிக்கிற முகத்தை 2015இல் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்காரர்கள் அந்த வருஷத்து வார்த்தையாகவே தேர்ந்தெடுத்தார்கள், அது இப்போது பழசாகிவிட்டதாம். இருக்கட்டும். அம்மாவுக்கு மட்டும் அந்தப் பழைய முகத்தையே போடு.

எல்லாமே உங்கள் தலைமுறை கண்டுபிடித்தது என்றும் நினைத்துவிடாதே. 'ஓஎம்ஜி' 1917இலேயே இருக்கிறது. ஜான் ஃபிஷர் என்கிற கிழட்டு அட்மிரல் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது, அப்போது அவருக்கு வயது 76. இதைப் படித்ததும் உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. முன்பு இந்த மாதிரி ஏதாவது கிடைத்தால் நீதான் ஓடிவந்து சொல்வாய், நானும் அம்மாவும் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்போம். யார் வீட்டுக்கு வந்தாலும், எங்க பாப்பாகிட்ட ஒரு இங்கிலீஷ் வார்த்தை கேளுங்க என்று நான் பெருமையடித்தது உனக்குத்தான் பிடிக்காது. இப்போதும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெளியூரில் வேலை செய்கிறவளுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். மேலே இருக்கிறவர் உன் வேலையை 'குவைட் குட்' என்றால் அவர் எந்த நாட்டுக்காரர் என்று பார். அமெரிக்கர் சொன்னால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் பரவாயில்லை என்றுதான் அர்த்தம். 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' என்று யாராவது ஆரம்பித்தால் அடுத்து வரப்போவது மரியாதையாக இருக்காது, நீயும் கோபத்தில் அதை எடுக்காதே. கூட்டத்தில் ஒன்றை 'டேபிள்' பண்ணலாம் என்றால் பிரிட்டிஷ்காரருக்கு இப்போதே பேச எடுப்பது, அமெரிக்கருக்குத் தள்ளிவைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது இரண்டு நாட்டுத் தளபதிகளும் உட்கார்ந்த கூட்டத்தில் இந்த ஒரு சொல்லால் நீண்ட வாக்குவாதம் நடந்தது என்று சர்ச்சிலே எழுதியிருக்கிறார், கடைசியில் பார்த்தால் இரண்டு பக்கமும் கேட்டது ஒன்றைத்தான். அதனால் புரியாவிட்டால் கேள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று கூடச் சிரித்துவிட்டு வராதே. கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

வேலை போவதற்கும் அவர்களிடம் எத்தனை வார்த்தைகள். 'லெட் கோ' என்பார்கள், ஏதோ கையைப் பிடித்திருந்ததை அன்பாக விட்டுவிட்ட மாதிரி. 'டவுன்சைசிங்' கேட்க நன்றாக இல்லையென்று 'ரைட்சைசிங்' என்று ஆக்கிக்கொண்டார்கள். பிரிட்டனில் 'கார்டனிங் லீவ்' என்று ஒன்று, சம்பளம் வரும், ஆனால் நோட்டீஸ் காலம் முடிகிற வரைக்கும் ஆபீஸ் பக்கம் வராதே என்று அர்த்தம். வேலை இல்லாதவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'பிட்வீன் ஜாப்ஸ்' என்பார். இதில் ஒரு வித்தியாசத்தை மட்டும் நன்றாகக் கவனி. 'ஃபயர்ட்' என்றால் பொதுவாக வேலை செய்தவர் மேல் ஏதோ குற்றம் சொல்லி அனுப்புவது. 'லெய்ட் ஆஃப்' அப்படி இல்லை. கம்பெனிக்குப் பணம் போதவில்லை, வேலை குறைந்துவிட்டது, ஆட்களைக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் போகிறவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் தலைகுனிய வேண்டியதில்லை, வீட்டில் மறைக்க வேண்டியதும் இல்லை. நான் பொதுவாகச் சொல்கிறேன். இதை மட்டும் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று நினைப்பாய், சும்மாதான், படித்தது மனசில் நின்றுவிட்டது.

வீடியோவில் வரும்போது கழுத்தில் அந்த நீலக் கயிறு தொங்கும், அட்டை திரும்பிக்கொண்டு உன் பெயர் தெரியாமல் பின்பக்கம் தெரியும், கழற்றேன் என்றால் லஞ்ச் முடிந்து திரும்பப் போகணும் பா என்பாய். அது இப்போது இல்லை. பின்னால் எந்த நேரம் பேசினாலும் அதே ஜன்னல் திரைதான். வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லியிருப்பார்கள் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். நானும் ஆமாம் என்றேன்.

பெரியப்பா அந்த வருஷம் தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிப் போனாரே, அதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாருமே அவரிடம் கேட்கவில்லை என்பதுதான் அவருக்குக் கடைசிவரை வருத்தம்.

'அண்டர் த வெதர்' என்றும் எழுதியிருந்தாய். ஜலதோஷம், லேசான தலைவலிக்குச் சொல்கிற வார்த்தை அது. உடம்பு முடியவில்லை என்பதைச் சின்னதாக்கிச் சொல்ல இங்கிலீஷில் இப்படி நிறைய இருக்கிறது, ஆபீஸுக்கு லீவு சொல்ல அது போதும். டாக்டரிடம் போனால் அப்படிச் சொல்லாதே. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று நேராகச் சொல். அத்தை பெண்ணிடம் 'பர்ன்ட் அவுட்' என்று சொன்னாயாம். அதுவும் ஒரு காலத்தில் கொச்சை வார்த்தையாக இருந்ததுதான், 1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்கிற உளவியலாளர், இலவச மருத்துவமனையில் ஓயாமல் உழைத்து ஓய்ந்துபோனவர்களைப் பார்த்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 2019இல் உலக சுகாதார அமைப்பே அதற்கு விளக்கம் கொடுத்தது, அது நோய் இல்லை, ஆனால் சமாளிக்க முடியாத வேலை அழுத்தத்தால் வருவது, ஆள் களைத்து, வேலை மேலேயே வெறுப்பு வந்து, செய்வது எதுவும் சரியாக வராமல் போவது என்று. அதை வாசித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. வார்த்தை லேசாகப் போய்விட்டதால் விஷயமும் லேசு என்று ஆகிவிடாது.

நான் இந்த வார்த்தைகளுக்கு விரோதி இல்லை, பாப்பா. நம் பேச்சிலும் இதெல்லாம் உண்டு. ஒருத்தர் மண்டையைப் போட்டார் என்று டீக்கடையில் பேசலாம், துக்க வீட்டு வாசலில் நின்று பேச முடியாது, அங்கே தவறிவிட்டார் என்போம். 'கிக் த பக்கெட்'டும் அப்படித்தான், 1785இலேயே ஃபிரான்சிஸ் க்ரோஸ் தன் கொச்சைமொழி அகராதியில் சேர்த்துவிட்டார். எங்கே எதைப் பேசுவது என்று தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் அழகு. நண்பர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசு. எங்களிடமும் பேசு, அர்த்தம் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய விஷயம் ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் நேரான வார்த்தை போடு. எந்த மொழியிலும் சரி. கேட்டுவிட்டு நான் என்ன சொல்வேன் என்று பயப்படாதே.

'வில் டாக் சூன்' என்று நீ எழுதுகிற அந்த 'சூன்' என்றைக்கு என்று எந்த அகராதியிலும் இல்லை. அதனால் நானே கூப்பிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை, அம்மா வெளியே போயிருக்கிற நேரமாகப் பார்த்து. எடு. அப்புறம், வாடகை விஷயம் ஏதாவது இருந்தால் முதலில் என்னிடம் சொல், சித்தப்பாவிடம் கேட்காதே.

அப்பா