எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லாதீர்கள், வரிசையாக விடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில், கம்ப்யூட்டர் மெதுவாகத் திறந்தால் என்ன செய்யலாம் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. கம்ப்யூட்டர் திறந்ததும் தாமாகக் கிளம்பும் புரோகிராம்களைக் காட்டும் ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்து அதில் இருக்கும் எல்லாவற்றையும் டிசேபிள் செய்யுங்கள், டெஸ்க்டாப்பை அழகுபடுத்தும் புரோகிராம்களை அடியோடு தூக்கிவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அதை அப்படியே செய்து ஒரு நாள் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

திருவல்லிக்கேணியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பில் புக், அப்புறம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இந்தக் கடைசி வேலைக்கு வருகிறவர்கள் நேரம் பார்த்து வருவதில்லை. காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தட்டுவார்கள், மதியம் எடுப்பதற்குள் தெருவில் ஒட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் திறக்க நாலு நிமிடம் ஆனால், எதிரில் அழுது சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்கவே முடியாது. கடையில் இருப்பது பழைய மெஷின், 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க். அதில் என் மகன் ஒரு கடிகாரம், சென்னை வானிலை, டெலிவரி தேதிகளைக் காட்டும் ஒரு பட்டியல், கீழே ஐகான்களை அடுக்கிவைக்கும் ஒரு பட்டை, எல்லாம் போட்டுக் கொடுத்திருந்தான். கூடவே அசையும் வால்பேப்பர் ஒன்றும் உண்டு.

உங்கள் குறிப்பு இதையெல்லாம் வெட்டி அலங்காரம் என்கிறது. எனக்கு அது கடையின் சிலேட்டுப் பலகை. ஐப்பசி, கார்த்திகையில் மழை வருமா என்று தெரிந்தால்தான் போஸ்டர் ஒட்டுகிற தம்பியிடம் முன்கூட்டியே சொல்ல முடியும், எந்தப் பத்திரிகை எந்தத் தேதிக்கு என்று திரையைப் பார்த்ததும் தெரிய வேண்டும். அதை எடுத்துவிடு என்று சொல்வது எளிது.

சரி, பேப்பரில் போட்டிருக்கிறார்களே என்று எல்லாவற்றையும் அணைத்தேன். மறுநாள் மெஷின் வேகமாகத்தான் திறந்தது. ஆனால் தமிழ் அடித்தால் ஆங்கில எழுத்து வந்தது, ஏனென்றால் தமிழ் கீபோர்டு புரோகிராமும் அதே பட்டியலில்தான் இருந்திருக்கிறது, அதையும் சேர்த்து அணைத்துவிட்டேன். விண்டோஸுக்குள்ளேயே தமிழ் கீபோர்டு இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் அது யூனிகோடு என்ற இன்றைய பொதுவான எழுத்துக் குறியாக்கத்தில் அடிக்கும். எங்கள் தொழிலில் பழைய ஃபாண்ட், பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளின் ஃபைல் எல்லாம் இன்னும் ஓடுகின்றன, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையோடு வந்த டாம், டாப் குறியாக்கங்களில் அடித்த ஃபைல்கள் உட்பட. அவற்றுக்குத் தனி கீபோர்டு புரோகிராம் வேண்டும், அது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதைவிடப் பெரிய நஷ்டம், மானிட்டரின் நிறத்தைச் சரிசெய்து வைக்கும் புரோகிராமும் அணைந்ததுதான். திரையில் மஞ்சள் வெளிறித் தெரிகிறதே என்று நான் கூட்டி வைக்க, அச்சில் ஆரஞ்சாக வந்தது. இருநூறு கல்யாணப் பத்திரிகையைக் கைக்காசு போட்டு மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து விஷயத்தைப் படித்தேன். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் 'ரன் கீ' என்ற இடம், ஸ்டார்ட்அப் என்ற ஃபோல்டர், குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலர் என்று பல வாசல்கள் வழியாக புரோகிராம்கள் தாமாகக் கிளம்புகின்றன. ரன் கீயில் பல புரோகிராம்கள் பதிவாகியிருந்தால் எது முதலில் ஓடும் என்பது நிச்சயமில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே தன் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. ஆக, கீபோர்டு முதலில் வருவதும் அசையும் வால்பேப்பர் முதலில் வருவதும் நம் கையில் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடிக்கும்போது ஹார்டு டிஸ்க்கின் முள் அங்கும் இங்கும் ஓடி ஓடியே நேரம் போகிறது. தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின நாள் ஒரே கடை வாசலில் நூறு பேர் நுழைவது மாதிரிதான். யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், வரிசையில் நிறுத்தினால் போதும்.

அதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. ஸ்டார்ட்அப் டிலேயர் என்று ஒன்று, ஒவ்வொரு புரோகிராமும் எத்தனை விநாடி கழித்துக் கிளம்ப வேண்டும் என்று நாமே வைக்கலாம், அல்லது பிராசஸரும் டிஸ்க்கும் ஓய்ந்த பிறகு கிளம்பு என்று விட்டுவிடலாம். வேறெதுவும் நிறுவ விருப்பமில்லாதவர்களுக்கு விண்டோஸில் ஏற்கெனவே உள்ள டாஸ்க் ஷெட்யூலரே போதும். லாக்ஆன் ஆகும்போது ஓடு என்று வைத்து, பக்கத்திலேயே 30 விநாடி, 1 நிமிடம் என்று தாமதம் கொடுக்கலாம். இதில் நான் மாட்டிக்கொண்ட இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்டார்ட்அப் பதிவை அணைக்காமல் புதிதாக ஒன்று வைத்தால் அதே புரோகிராமை இரண்டு முறை கிளப்பப் பார்க்கும். இன்னொன்று, மின் இணைப்பில் இருந்தால் மட்டும் ஓடு என்ற டிக் தானாகவே விழுந்திருக்கும், லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதை எடுக்காவிட்டால் கரண்ட் போன நேரத்தில் திறக்கும்போது எதுவும் வராது, மென்பொருள்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

எதை முன்னால் விடுவது, எதைப் பின்னால் தள்ளுவது என்பதற்கு, ஓடும் புரோகிராம்களைக் காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரே உதவுகிறது. விண்டோஸ் 8 முதல் அதில் ஸ்டார்ட்அப் பகுதி இருக்கிறது, ஒவ்வொன்றின் பாரத்தையும் அதிகம், நடுத்தரம், குறைவு என்று காட்டும். கிளம்பும்போது 1 விநாடிக்கு மேல் பிராசஸரையோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க்கையோ எடுத்தால் 'அதிகம்'. என் மெஷினில் அப்படி இருந்தது அசையும் வால்பேப்பர் ஒன்றுதான். கடிகாரமும் வானிலையும் குறைவு. பாவம், வால்பேப்பர் செய்த தப்புக்கு அவற்றையும் சேர்த்துத் தண்டித்திருக்கிறேன். இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஆட்டோரன்ஸ் இருக்கிறது, 2006-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள இலவசக் கருவி. எல்லா வாசலையும் ஒரே இடத்தில் காட்டும். ஆனால் தெரியாத எதிலும் கை வைக்காதீர்கள், மைக்ரோசாஃப்ட்டின் சொந்தப் பதிவுகளை மறைக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு பார்ப்பது நல்லது.

இப்போது என் கடையில் தமிழ் கீபோர்டும் மானிட்டர் நிறமும் உடனே வருகின்றன. ஐகான் பட்டை 20 விநாடி கழித்து. கடிகாரம், வானிலை, டெலிவரி பட்டியல் 45-ல். வால்பேப்பர் 2 நிமிடத்துக்குப் பிறகு வந்தால் போதும், அது வருவதற்குள் நான் பெயரும் தோற்றம் மறைவு தேதியும் அடித்து முடித்திருப்பேன். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கேட்டால், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சுழலாத எஸ்எஸ்டி போடுங்கள் என்கிறார்கள். உண்மைதான், அதில் ஓடுவதற்கு முள்ளே கிடையாது, இந்தத் தாமத வேலைக்கு அங்கே பலன் குறைவு. ஆனால் இந்த மாதம் அதை வாங்க முடியாத கடைக்காரர்கள் நிறைய பேர், அவர்களுக்கு இது காசில்லாத வழி.

அலங்கார மென்பொருள்களைப் பற்றி எச்சரிக்க வேண்டுமானால் இதற்கு எச்சரியுங்கள், கண்ட தளத்திலிருந்து இறக்காதீர்கள் என்று. விண்டோஸ் 7-ல் இருந்த, டெஸ்க்டாப்பில் கடிகாரம், வானிலை காட்டும் கேட்ஜெட்டுகளைப் பாதுகாப்பு ஓட்டை காரணமாக 2012-ல் மைக்ரோசாஃப்ட்டே அணைக்கச் சொன்னது. ரெயின்மீட்டர் போன்ற டெஸ்க்டாப் அலங்கார மென்பொருள்களை அவரவர் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

உங்கள் குறிப்பைப் பார்த்து ஏற்கெனவே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கீபோர்டு ஏன் வரவில்லை என்று தவித்துக்கொண்டிருப்பவர்கள் இருப்பார்கள். டிசேபிள் செய்தது அழிந்து போகவில்லை, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் அதே பெயரை எனேபிள் செய்துவிட்டு ஒரு முறை ரீஸ்டார்ட் போட்டால் போதும். வேறு எதற்கும் இடமில்லாவிட்டாலும் இந்த ஒன்றை மட்டுமாவது வரும் வாரக் கணினிப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டிடிபி கடைக்காரர்,
திருவல்லிக்கேணி, சென்னை.