57-வது தெருவின் எலிவேஷன்கள்

அன்புள்ள நண்பா,

உன் மெயில் கிடைத்தது. மகளுக்குக் கேட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மற்றபடி குறையில்லை.

உன்னிடம் கட்டட வேலை கொடுத்திருக்கும் பார்ட்டி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் ஏசிபி ஷீட்டும் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவில் வேறு பொருளை வைத்து ஒட்டிய பலகை) தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராமே! இங்கே நியூயார்க்கின் மன்ஹாட்டனில் கோடீசுவரர்கள் வாங்கும் அடுக்குமாடிகளுக்கு வெளியே என்ன போடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். கண்ணாடிக் கோபுரங்களுக்கு இங்கேயும் பஞ்சமில்லை. ஆனால் 2019-ல் 238 மில்லியன் டாலருக்கு ஒரு வீடு விலைபோனதே, அந்த 220 சென்ட்ரல் பார்க் சவுத் என்ற கட்டடத்துக்கு வெளியே போட்டிருப்பது சுண்ணாம்புக்கல். பழைய பணக்காரத் தெருவின் சாயல் வேண்டுமென்று வேலை மெனக்கெட்டுச் செய்தது. எனக்கு அது கொஞ்சம் பாசாங்காகத்தான் தெரிகிறது.

எனக்குப் பிடித்தது 57-வது தெருவில் இருக்கும் 111 வெஸ்ட் 57 என்ற கோபுரம். உயரம் 435 மீட்டர், அகலமோ சுமார் 18 மீட்டர்தான். கிழக்கிலும் மேற்கிலும் சுடுமண் துண்டுகளை அடுக்கி, இடையிடையே வெண்கல வேலைப்பாடு செய்திருக்கிறார்கள். எல்லாத் துண்டும் ஒரே வார்ப்பு இல்லை. ஒன்று சற்றே துருத்தும், அடுத்தது உள்வாங்கும். வெயில் சாய்வாக விழும்போது நிழல் அலை அலையாக மேலே ஏறும். காலையில் பார்த்த நிறம் மாலையில் இருக்காது.

கொஞ்ச தூரத்தில் 432 பார்க் அவென்யூ. ரஃபேல் வின்யோலி வடிவமைத்தது, 2015-ல் முடிந்தது, 426 மீட்டர். ஒயிட் சிமென்ட் கலந்த கான்கிரீட், அதற்கு மேல் எந்தப் போர்வையும் கிடையாது. வெளியே கட்டம் கட்டமாகத் தெரிவதுதான் கட்டடத்தைத் தாங்கும் சட்டமும். காற்று புகுந்து போக நடுநடுவே இரண்டிரண்டு மாடிகளைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்க அழகுதான். நீர்க்கசிவு, விரிசல் என்று குடியிருப்போர் சங்கம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. கட்டியவர்கள் மறுக்கிறார்கள். யார் சொல்வது சரியோ, நமக்கு வேண்டிய கேள்வி வேறு. மேலே மாட்டிய பலகை விரிசல் விட்டால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். தாங்குகிற தூணே விரிசல் விட்டால் எதைக் கழற்றுவது? தண்ணீர் உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும், துரு ஊதும், விரிசல் இன்னும் பெரிதாகும்.

அதற்காகச் சுடுமண் சாகாவரம் வாங்கி வந்ததென்றும் சொல்ல மாட்டேன். இதே ஊரில் 1913-ல் கட்டிய உல்வொர்த் கட்டடத்தில் ஆயிரக்கணக்கான சுடுமண் துண்டுகளை எடுத்துவிட்டுப் பிற்பாடு கான்கிரீட் துண்டுகளை வைத்தார்கள். வைக்க முடிந்தது என்பதுதான் விஷயம். 1979-ல் இங்கே வேறொரு கட்டடத்திலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு பட்டு ஒரு மாணவி இறந்துபோனாள். அப்புறம்தான் ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிச்சுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கும் சட்டம் இந்த ஊருக்கு வந்தது.

ஆகவே உன் பார்ட்டியிடம் கண்ணாடி வேண்டாமென்று வாதாடாதே, தோற்றுவிடுவாய். ஏசிபி ஷீட்டின் நடுவில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் எழுத்தில் வாங்கு. வெறும் பாலிஎத்திலீன், அதாவது தீப்பிடிக்கிற பிளாஸ்டிக், என்றால் ஒத்துக்கொள்ளவே கூடாது. 2017-ல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் தீ அந்த மாதிரி ஷீட் வழியாகத்தான் மேலே ஏறியது, 72 பேர் போய்விட்டார்கள். இருபதாவது மாடியில் ஒரு ஷீட் கெட்டால் ஆள் எப்படிப் போய் மாற்றுவான் என்றும் கேள். பதில் இல்லையென்றால் டிராயிங்கை எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

உன் பழைய ரூம்மேட்