ஃபார்மலினில் போடும் முன் ஒரு துண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

இதய வால்வில் தொற்றிய கிருமியை இனி மரபணுப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் படித்தேன். கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் எந்த மாதிரியில், எப்போது எடுத்ததில் என்று சொல்லாவிட்டால், ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தைப் பாட்டிலில் விட்டுக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, இனித் தேவையில்லை என்று வாசகர்கள் நினைத்துவிடுவார்கள்.

சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களும், திருவனந்தபுரம் போய் வால்வு மாற்றி வந்தவர்களும் குமரி மாவட்டத்தில் உண்டு. அவர்களில் ஒருவர் காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி நாலு நாள் விழுங்கினால் காய்ச்சல் தணியும், பிறகு திரும்பி வரும். வால்வில் ஒட்டிய திரளுக்குள் கிருமி உயிரோடு இருக்கும். ரத்தத்தில் மட்டும் அருகிப்போயிருக்கும். அதன்பின் எடுக்கும் கல்ச்சரில் ஒன்றும் வளராது. கல்ச்சர் பொய்த்துப்போக முதல் காரணம் இதுதான்.

ஆகவே முதல் ஆன்டிபயாட்டிக் ஊசிக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு மூன்று முறை, வெவ்வேறு நரம்பில். ஒவ்வொரு முறையும் இரண்டு பாட்டில், பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. மொத்தம் 60 மில்லி வரை என்றதும் வீட்டார் பதறுவார்கள். ஆனால் இந்த நோயில் ஒரு மில்லி ரத்தத்தில் சில கிருமிகளே இருக்கக்கூடும். 3 மில்லி எடுத்தால் தேடுகிற கிருமியே பாட்டிலுக்குள் வராமல் போகலாம். குளிர் நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், இதில் கிருமி ரத்தத்தில் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. ஒரே பாட்டிலில் தோல் கிருமி வளர்ந்தால் அது கை பட்டதா, நோயா என்று சொல்ல முடியாது. மூன்று தடவையிலும் அதே கிருமி வந்தால் சந்தேகமே இல்லை.

மரபணுப் பரிசோதனை கைகொடுக்கும் இடம் அறுவை அரங்கம். பாக்டீரியாக்கள் எல்லாவற்றிலும் 16எஸ் என்ற மரபணு உண்டு, சுமார் 1,500 எழுத்து நீளம். அதில் மாறாத பகுதிகளைப் பிடித்து, டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் முறையில் பெருக்கி, கிருமிக்குக் கிருமி மாறும் பகுதிகளைப் படித்தால் கிருமியின் பெயர் தெரியும். வெட்டியெடுத்த வால்வுத் துண்டில் இது கல்ச்சரைவிட அதிகம் கண்டுபிடிக்கும். ரத்தத்தில் அப்படியில்லை. பரிசோதிக்கும் ரத்தம் கொஞ்சம், அதில் மனித டிஎன்ஏ ஏராளம், ஹீமோகுளோபினே பிசிஆரைத் தடுக்கும். ரத்தப் பிசிஆரில் இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

எல்லாம் கெட்டுப்போவது ஒரு சின்ன பாட்டிலால்தான். எடுத்த வால்வு முழுவதையும் பழக்கதோஷத்தில், திசுவைப் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போட்டுவிடுவார்கள். ஃபார்மலின் கிருமியைக் கொல்லும், டிஎன்ஏவைத் துண்டாக்கும். கல்ச்சரும் போச்சு, பிசிஆரும் பாதி போச்சு. வால்வை மூன்றாக வெட்ட வேண்டும். ஒன்று மட்டும் ஃபார்மலினில், திசுப் பரிசோதனைக்கு. மற்ற இரண்டும் தனித்தனி ஸ்டெரைல் பாட்டிலில், காயாமல் இருக்கச் சில துளி ஸ்டெரைல் சலைனோடு: ஒன்று கல்ச்சருக்கு உடனே, ஒன்று ஐஸில் வைத்துப் பிசிஆருக்கு. பூஞ்சைச் சந்தேகம் இருந்தால் அதையும் எழுதி அனுப்ப வேண்டும், 16எஸ் பூஞ்சையைக் காட்டாது.

பெயர் தெரிந்தால் மருந்து மாறும். ஆடு மாடு வளர்ப்பவருக்கு, குட்டி ஈனும்போது விழும் நஞ்சுக்கொடியிலிருந்து கியூ காய்ச்சல் கிருமியான காக்ஸியெல்லா தொற்றலாம். வழக்கமான கல்ச்சரில் அது வளரவே வளராது. ரத்த ஆன்டிபாடியும் பிசிஆரும்தான் வழி. இதய வால்வுத் தொற்றை உறுதிசெய்ய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2023இல் திருத்திய டியூக் விதிகள் இந்தப் பிசிஆரைப் பெரிய சான்றாகவே ஏற்கின்றன. காக்ஸியெல்லாவுக்கு டாக்ஸிசைக்ளினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் குறைந்தது 18 மாதம் வேண்டும். பெயர் தெரியாமல் செஃப்ட்ரியாக்ஸோனும் ஜென்டாமைசினும் வாரக்கணக்கில் ஏற்றினால் கிருமி அப்படியே இருக்கும், சிறுநீரகம்தான் அடிவாங்கும்.

ஆனால் பெயர் மட்டும் போதாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியில் நிமோனியே, மைட்டிஸ் என்ற இரு இனங்களை 16எஸ் பிரித்துக் காட்டாது. பெனிசிலின் எந்த அளவில் கேட்கும் என்பதும் தெரியாது; மில்லிக்கு 0.12 மைக்ரோகிராமுக்குள் கேட்டால் சொந்த வால்வுக்கு 4 வாரம் போதும் என்ற கணக்கைக் கல்ச்சர்தான் தரும். மருந்தை எதிர்க்க வைக்கும் மெக்ஏ மரபணுவைத் தனியாகத் தேடினால் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி மெத்திசிலினுக்கு அடங்குமா என்று தெரியும், அவ்வளவே.

செத்த கிருமியின் டிஎன்ஏ வால்வில் பல மாதம் தங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வால்வின் கல்ச்சரில் கிருமி வளர்ந்தால், அறுவை நாளிலிருந்து முழு மருந்தையும் புதிதாக எண்ண வேண்டும். பிசிஆர் மட்டும் பாசிட்டிவ் என்றால் அப்படி எண்ண வேண்டியதில்லை.

வால்வு அறுவைக்குப் போகும் குடும்பத்தினர் முந்தின நாளே கேளுங்கள்: ஃபார்மலின் இல்லாத பாட்டில் இரண்டு அரங்குக்குள் போகிறதா? ஏற்கெனவே சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

நுண்ணுயிரியல் மருத்துவர்,
நாகர்கோவில்.